விலைக்கு முன்னே வடிவம்

ஒரு தொழிலை விற்பது பற்றியோ வாங்குவது பற்றியோ பேச்சு எழும்போது முதலில் பேசப்படுவது விலை. அந்த விலை எதற்காகக் கொடுக்கப்படுகிறது, யாரிடமிருந்து யாருக்கு எது போகிறது என்ற கேள்வி, பெரும்பாலும் அட்வான்ஸ் கைமாறிய பிறகே ஆடிட்டரின் மேசைக்கு வந்து சேர்கிறது. இந்த வரிசை தலைகீழானது என்பதே இத்துறையை அறிந்தவர்களின் அனுபவம். தொழிற்சாலை ஒன்றே, விலையும் இருபது கோடி ரூபாயே என்றாலும், ஒப்பந்தம் நிறுவனத்தின் பங்குகளை விற்பதாக எழுதப்படுகிறதா, தொழிலை மொத்தமாகக் கிரயம் செய்வதாக எழுதப்படுகிறதா, நிலம், இயந்திரம், சரக்கு என்று தனித்தனியாக விற்பதாக எழுதப்படுகிறதா என்பதைப் பொறுத்து, விற்பவர் கையில் மிஞ்சும் பணமும், வாங்குபவர் தலையில் விழும் பொறுப்பும், இருவருக்கும் நடுவே நிற்கும் தொழிலாளியின் பணிக்காலமும் வேறு வேறாக முடிகின்றன.

இந்த வேறுபாட்டுக்கு வேராக இருப்பது, நிறுவனம் வேறு, அதன் பங்குதாரர் வேறு என்ற சட்டக் கொள்கை. கம்பெனிச் சட்டத்தின்படி பதிவான ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம் சட்டத்தின் பார்வையில் தனி நபர். நிலத்தின் பத்திரம், இயந்திரத்தின் பில், மின் இணைப்பு, வங்கிக் கடன் ஆகிய அனைத்தும் அதன் பெயரில் இருக்க, பங்குதாரருக்குச் சொந்தமாக இருப்பது பங்கு மட்டுமே. 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வருமான வரி வழக்கு இதைத் தெளிவாக்கியது. தேயிலை நிறுவனங்களில் பங்கு வைத்திருந்த பம்பாய்ப் பங்குதாரர் ஒருவர், அந்நிறுவனங்களின் வருமானத்தில் 60 சதவீதம் வேளாண் வருமானமாகக் கருதப்படுவதால், தமக்குக் கிடைத்த டிவிடெண்டிலும் அதே 60 சதவீதத்துக்கு வரி விலக்கு வேண்டும் என்று கேட்டார். தோட்டம் நிறுவனத்தின் சொத்தே தவிரப் பங்குதாரரின் சொத்தன்று, டிவிடெண்டு அவருக்கு வருவது நிலத்திலிருந்தன்று, பங்கிலிருந்தே என்று நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை மறுத்துவிட்டது. தம் குடும்பம் நடத்தும் ஆலை தமக்கே சொந்தம் என்று நினைத்துப் பழகிய நிறுவன உரிமையாளர்கள், நிறுவனத்தையும் பங்குதாரரையும் பிரிக்கும் இந்தக் கோட்டை விற்கும் நாளில்தான் முதன்முதலாகக் காண்கிறார்கள்.

பங்கு விற்பனை என்பது இந்தக் கோட்டின் மேல்புறத்தில் மட்டும் நடக்கும் மாற்றம். பழைய பங்குதாரர் வெளியேறுகிறார், புதியவர் உள்ளே வருகிறார். கீழே தொழிற்சாலையில் ஒரு திருகாணிகூட உரிமையாளர் மாறுவதில்லை. நிலம் நிறுவனத்தின் பெயரிலேயே இருப்பதால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. தொழிற்சாலை உரிமமும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் ஜி.எஸ்.டி. பதிவும் அப்படியே தொடர்கின்றன. தொழிலாளர்களின் முதலாளி அதே நிறுவனம்தான். பங்கு மாற்றத்துக்கான முத்திரைத் தீர்வை 2020 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் 0.015 சதவீதம், அதாவது லட்சத்துக்குப் பதினைந்து ரூபாய். கொடுக்கல் வாங்கல் ஒப்பந்தங்களும் பொதுவாகத் தொடரும் என்றாலும், நிர்வாகக் கட்டுப்பாடு கைமாறினால் எதிர்த்தரப்பின் முன்னனுமதி வேண்டும் என்ற விதி வங்கிக் கடன் பத்திரங்களிலும் பெரிய வாடிக்கையாளர்களின் ஒப்பந்தங்களிலும் பெரும்பாலும் இருக்கும் என்பதால், அவற்றை வரிவரியாகப் படிக்காமல் கையெழுத்திடுவது ஆபத்து.

இவ்வளவு எளிய வழிக்கு ஒரு விலை உண்டு. நிறுவனம் அப்படியே தொடர்கிறது என்றால், அதன் இறந்தகாலமும் அப்படியே தொடர்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் காட்டாமல் விட்ட வருமானம், கட்டாமல் விட்ட வைப்பு நிதி, நிலுவையிலுள்ள வழக்கு, விற்றுமுடித்த பொருளில் பின்னால் தெரியவரும் குறை ஆகிய யாவும் நிறுவனத்தின் பொறுப்புகளாகவே இருக்க, அந்த நிறுவனம் இப்போது புதியவருடையதாகிவிடுகிறது. நட்டத்தில் ஓடிய நிறுவனத்தை வாங்கி, அந்தப் பழைய நட்டத்தைத் தம் வருங்கால இலாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்கும் ஏமாற்றம் காத்திருக்கிறது. ஒரு சிலரே பங்குதாரராக இருக்கும் நிறுவனங்களில், நட்டம் ஏற்பட்ட ஆண்டில் 51 சதவீத வாக்குரிமை வைத்திருந்தவர்கள், அதைக் கழிக்கும் ஆண்டிலும் அதே அளவு வைத்திருக்காவிட்டால் அந்த நட்டம் கழிவுக்கு உதவாது. கழிக்கப்படாத தேய்மானத்துக்கு மட்டும் இந்தத் தடை இல்லை.

இறந்தகாலம் எவ்வளவு கனமாக இருக்க முடியும் என்பதற்கு இந்திய மருந்துத் துறையில் நடந்த இரண்டு விற்பனைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயன் தரும். 2008 ஜூனில் ஜப்பானின் தாயிச்சி சாங்க்யோ நிறுவனம், ரான்பாக்ஸியின் பங்குகளைப் பங்கொன்றுக்கு 737 ரூபாய் விலையில் வாங்குவதாக அறிவித்தது. அதன் முன்னாள் உரிமையாளர் குடும்பத்திடமிருந்தும் பொதுப் பங்குதாரர்களிடமிருந்தும் மொத்தத்தில் ஏறத்தாழ 64 சதவீதப் பங்குகளை 460 கோடி டாலர் செலவில் அது பெற்றது. அறிவிப்பு வந்து மூன்றே மாதங்களில், அதே ஆண்டு செப்டம்பரில், ரான்பாக்ஸியின் தேவாஸ், பாவ்ண்டா சாஹிப் ஆலைகளில் தயாரான முப்பதுக்கும் மேற்பட்ட மருந்துகள் தன் நாட்டுக்குள் வருவதை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் தடுத்தது. தவறுகள் நடந்தவை பழைய நிர்வாகத்தின் காலத்தில். ஆயினும் 2013இல் ரான்பாக்ஸியின் அமெரிக்கக் கிளை நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்ட உடன்பட்டபோது, அந்தச் சுமை புதிய உரிமையாளரின் கணக்குப் புத்தகத்தில்தான் இறங்கியது. உண்மைகள் மறைக்கப்பட்டன என்று தாயிச்சி தொடுத்த வழக்கில் 2016இல் சிங்கப்பூர் நடுவர் மன்றம் முன்னாள் உரிமையாளர்கள் 2,562 கோடி ரூபாயும் அதற்கு மேல் வட்டியும் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது; அந்தத் தொகையை வசூலிக்கும் வழக்குகள் அதன் பின்னும் பல ஆண்டுகள் நீண்டன. பங்கு வாங்கியவர் நிறுவனத்தின் கடந்த காலத்தையும் சேர்த்தே வாங்கியிருந்தார்.

ரான்பாக்ஸி விற்பனைக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2010 மே மாதத்தில், அமெரிக்காவின் அபாட் நிறுவனம் பிரமல் ஹெல்த்கேரின் உள்நாட்டு மருந்துத் தொழிலை 372 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. இங்கே விற்கப்பட்டவை பங்குகள் அல்ல; மருந்துப் பெயர்கள், பத்தி (Baddi) ஆலை, விற்பனைப் பிரதிநிதிகள் அடங்கிய ஒரு தொழில் மட்டுமே. பிரமல் ஹெல்த்கேர் என்ற நிறுவனம், தான் வைத்துக்கொண்ட மற்ற தொழில்களோடும் தன் வரலாற்றோடும் பழைய பங்குதாரர்களிடமே இருந்தது. விலையில் 212 கோடி டாலரை முதலிலும், மீதியை ஆண்டுக்கு 40 கோடி வீதம் நான்கு தவணைகளிலும் கொடுப்பதாக ஏற்பாடு. தவணை முறை வாங்குபவரின் பணப்புழக்கத்துக்கு உதவுவது ஒருபுறம் இருக்க, விற்றவர் சொன்ன ஏதேனும் ஒன்று பொய்த்துப்போனால் பிடித்துக்கொள்வதற்கு வாங்குபவர் கையில் எப்போதும் ஒரு தொகை மிச்சம் இருக்கிறது என்ற பாதுகாப்பும் அதில் உண்டு.

இவ்வாறு ஒரு தொழிலை அதன் சொத்துகளோடும் கடன்களோடும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை குறிப்பிடாமல், ஒரே மொத்தத் தொகைக்குக் கிரயம் செய்வதை இந்திய வருமான வரிச் சட்டம் ‘ஸ்லம்ப் சேல்’ என்கிறது. 1999இன் நிதிச் சட்டம் இதற்கென்று தனி விதியைக் கொண்டுவந்தது: விற்பனை விலையிலிருந்து அத்தொழிலின் நிகர மதிப்பைக் கழித்தால் வருவது மூலதன ஆதாயம். நிகர மதிப்பு என்பது சொத்துகளின் புத்தக மதிப்பிலிருந்து கடன்களைக் கழித்த தொகை. இயந்திரம் போன்றவற்றுக்குத் தேய்மானம் போக வரிக்கணக்கில் எஞ்சியிருக்கும் மதிப்பையே எடுக்க வேண்டும், இடையில் செய்துகொண்ட மறுமதிப்பீடுகள் செல்லாது. முத்திரைத் தீர்வைக்காக மட்டும் நிலத்துக்கு ஒரு மதிப்பு எழுதினால் மொத்தக் கிரயம் என்ற தன்மை கெடாது என்று சட்டமே தெளிவுபடுத்துகிறது. நெருங்கியவர்களுக்குள் விலையைக் குறைத்துக் காட்டும் பழக்கத்துக்கு 2021இல் முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. அந்த ஆண்டு முதல், விதிமுறைப்படி கணக்கிட்ட சந்தை மதிப்புக்குக் கீழே விற்றாலும் அந்தச் சந்தை மதிப்பே விலையாகக் கொள்ளப்படும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அருகிலுள்ள உதாரணம் 2005இல் நடந்தது. ஐஷர் மோட்டார்ஸ் தன் டிராக்டர் தொழிலைச் சென்னையின் டாஃபே குழுமத்துக்கு 310 கோடி ரூபாய்க்கு விற்றுவிட்டு, லாரியையும் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளையும் தன்னிடம் வைத்துக்கொண்டது. ஒரே நிறுவனத்துக்குள் பல தொழில்கள் இருக்கும்போது ஒன்றை மட்டும் பிரித்து விற்கப் பங்கு விற்பனை உதவாது. இன்றும் ஐஷர் என்ற பெயர் டாஃபே குழுமம் செய்யும் டிராக்டரிலும் வேறொரு நிறுவனம் செய்யும் லாரியிலும் ஒருசேரக் காணப்படுவது, வணிகப் பெயரைக்கூட எவ்வளவு நுணுக்கமாகப் பங்கிட முடியும் என்பதைக் காட்டுகிறது. பெரிய நிறுவனங்கள் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு தொழிலைப் பிரித்து இன்னொரு நிறுவனத்தோடு இணைக்கும் வழியும் உண்டு. காலமும் செலவும் அதிகம் பிடிக்கும் அந்த வழி பெரும்பாலும் ஒரே குழுமத்துக்குள் நடக்கும் மறுசீரமைப்புகளுக்கே பொருந்துகிறது.

மூன்றாவது வழி, வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்து வாங்குவது. வாங்குபவருக்கு இயந்திரங்களும் வணிகப் பெயரும் போதும், நிலமோ கடனோ வேண்டாம் என்றால் இது இயல்பான தேர்வு. பட்டியலில் எழுதாத எந்தப் பொறுப்பும் ஒப்பந்தப்படி அவருக்கு வராது. விற்பவருக்கோ இதில் சங்கடங்கள் அதிகம். இயந்திரத்துக்கும் சரக்குக்கும் ஜி.எஸ்.டி. விதிக்கப்படும், வாங்குபவர் அதை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ள முடிந்தாலும் முதலில் கையிலிருந்து பணம் போட்டாக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் தொழிலை முழுதாக மாற்றினால் இந்த வரிக்கு விலக்கு உண்டு. தேய்மானம் எடுத்துவந்த இயந்திரமும் கட்டடமும் எத்தனை ஆண்டு பழையவையாக இருந்தாலும், அவற்றின் தொகுப்பு மதிப்புக்கு மேல் கிடைக்கும் ஆதாயம் குறுகிய கால ஆதாயமாகவே கணக்கிடப்பட்டுச் சாதாரண விகிதத்தில் வரிக்கு உள்ளாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குபவர் ஒதுக்கிவிட்ட கடனும் விற்பனையாகாத மிச்சமும் விற்றவர் வீட்டுத் திண்ணையிலேயே கிடக்கும்.

எண்களை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். கோயம்புத்தூர் வட்டாரத்தில் பம்புசெட் உதிரிப்பாகம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம், இரண்டு சகோதரர்கள் சரிபாதிப் பங்குதாரர்கள், பல ஆண்டுகளுக்கு முன் அவர்கள் போட்ட மூலதனம் 50 லட்சம், இன்று பேசப்பட்ட விலை 20 கோடி என்று கற்பனை செய்துகொள்ளலாம். பங்குகளாக விற்றால் ஆதாயம் பத்தொன்பதரைக் கோடி. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்த, பட்டியலிடப்படாத பங்குகளுக்கு 2024 ஜூலை 23க்குப் பின் வரி விகிதம் 12.5 சதவீதம், சர்சார்ஜையும் செஸ்ஸையும் சேர்த்தால் இருவருக்குமாக ஏறத்தாழ 2.92 கோடி வரி போக, 17 கோடிக்குச் சற்று மேல் அவர்கள் வங்கிக் கணக்கில் நேரடியாக வந்து சேரும். பங்கு மாற்றத்துக்கான முத்திரைத் தீர்வை வெறும் 30,000 ரூபாய்.

அதே 20 கோடிக்குத் தொழிலை மொத்தக் கிரயமாக விற்றால், விற்பது நிறுவனம். பணம் வருவதும் நிறுவனத்துக்கே. தொழிலின் நிகர மதிப்பு 6 கோடி என்றால் ஆதாயம் 14 கோடி. குறைந்த விகித வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுத்த நிறுவனத்துக்குச் சர்சார்ஜ் உட்பட வரி ஏறத்தாழ 2 கோடி. மேலோட்டமாகப் பார்த்தால் முந்தைய வழியைவிட இலாபம்போலத் தோன்றும். ஆனால் மீதமுள்ள 18 கோடி சகோதரர்களின் கைக்கு வர வேண்டுமானால், மூலதனம் 50 லட்சத்தைத் தவிர்த்த மிச்சம் டிவிடெண்டாக வர வேண்டும். உச்ச வருமான வரம்பில் டிவிடெண்டுக்கு வரி 35.88 சதவீதம் வரை போகிறது. மேலும் ஆறே கால் கோடிக்கு மேல் வரியாகப் போனபின் கையில் நிற்பது 11.7 கோடி அளவே. பணத்தை நிறுவனத்திலேயே வைத்திருந்து வேறு தொழில் தொடங்குவதாக இருந்தால் இந்த இரண்டாம் அடுக்கு வரி இல்லை என்பதால், மொத்தக் கிரயமே மேல். ஆக, விற்றபின் அந்தப் பணத்தை என்ன செய்யப்போகிறார்கள் என்பதைச் சகோதரர்கள் முடிவு செய்யாதவரை எந்த வடிவம் நல்லது என்ற கேள்விக்கு எந்த ஆடிட்டராலும் விடை சொல்ல இயலாது.

வாங்குபவரின் கணக்கு இதற்கு எதிர்த்திசையில் ஓடுகிறது. பங்குக்குக் கொடுத்த 20 கோடிக்கு அவருக்குத் தேய்மானம் கிடையாது. நிறுவனத்தின் புத்தகத்தில் இயந்திரம் பழைய மதிப்பிலேயே நிற்கும். தொழிலாக வாங்கினால் விலையைக் கட்டடம், இயந்திரம், வணிகச் சின்னம் என்று பிரித்துக்கொண்டு முறையே 10, 15, 25 சதவீதம் தேய்மானம் எடுக்கலாம். ‘குட்வில்’ எனப்படும் நற்பெயர் மதிப்புக்கும் தேய்மானம் உண்டு என்று 2012இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்ததை 2021இன் நிதிச் சட்டம் மாற்றிவிட்டதால், விலையில் நற்பெயருக்கென ஒதுக்கும் பகுதிக்கு இனி அந்தச் சலுகை இல்லை. மறுபக்கம், தொழிலாக வாங்குபவர் நிலத்துக்குக் கிரயப் பத்திரம் பதிந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் சேர்ந்து, நிலத்தின் மதிப்பு 5 கோடி என்றால் 45 லட்சம். உரிமங்களையும் மின் இணைப்பையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவையும் புதிய பெயருக்கு மாற்ற வேண்டும். நிலம் சிப்காட் போன்ற அரசு நிறுவனத்திடம் நீண்ட காலக் குத்தகையில் பெற்றது என்றால் அதன் அனுமதியும் வேண்டும். அனுமதி வரும்வரை ஆலை யார் பெயரில் ஓடும், அந்த இடைக்கால இலாபம் யாருடையது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வைப்பது நல்லது.

விற்பவருக்கு வடிவத்தால் ஐந்து கோடி நட்டம், வாங்குபவருக்கு அதே வடிவத்தால் ஒரு கோடி இலாபம் என்ற நிலையில், இருவரும் உட்கார்ந்து விலையைக் கூட்டிக் குறைத்து ஈடுகட்டிக்கொள்வது நேர்மையான பேரம். விலையை முதலில் முடித்துவிட்டுப் பிறகு வடிவத்தைப் பேசுபவர்களுக்கு இந்தப் பேரத்துக்கு இடமே இருப்பதில்லை.

தொழிலாகவோ சொத்தாகவோ வாங்கிவிட்டால் இறந்தகாலம் முழுவதும் விற்றவரோடு தங்கிவிடும் என்று நம்புவதும் தவறு. தொழிலை முழுமையாகவோ பகுதியாகவோ மாற்றும்போது, மாற்றிய நாள் வரை நிலுவையிலுள்ள ஜி.எஸ்.டி.க்கு விற்றவரும் வாங்கியவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு; அதாவது முழுத் தொகையையும் யாரிடம் வேண்டுமானாலும் துறை வசூலிக்கலாம். தொழிலாளர் வைப்பு நிதி பாக்கியும் அப்படியே, வாங்கியவர் பெற்ற சொத்தின் மதிப்பு வரை அவரைத் தொடரும். வருமான வரி நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது துறையின் முன்னனுமதி இன்றிச் செய்த சொத்து மாற்றம் வரிப் பாக்கிக்கு எதிராகச் செல்லாமல் போகலாம் என்பதால், பழைய சட்டத்தில் 281ஆவது பிரிவு என்று ஆடிட்டர்கள் குறிப்பிடும் அனுமதிச் சான்றை விற்பவரிடம் கேட்டுப் பெறுவது வழக்கம்.

வரித் துறையின் பிடி ஒரு விற்பனையின் உருவத்தையே மாற்றியதைத் தமிழ்நாடு கண்ணால் கண்டது. 2013 செப்டம்பரில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை 544 கோடி யூரோவுக்கு வாங்குவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதில் 379 கோடி தொழிலுக்கு. 165 கோடி காப்புரிமைகளைப் பயன்படுத்தும் உரிமத்துக்கு, அதாவது காப்புரிமைகள் நோக்கியாவிடமே தங்கின. ஸ்ரீபெரும்புதூர் ஆலையும் மைக்ரோசாஃப்டுக்குப் போவதாகவே இருந்தது. ஆனால் மென்பொருளுக்காகத் தாய் நிறுவனத்துக்குச் செலுத்திய தொகையில் வரி பிடிக்கவில்லை என்று வருமான வரித் துறை ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் கேட்டு ஆலை உள்ளிட்ட சொத்துகளை முடக்கியிருந்தது. மாநில அரசின் விற்பனை வரிக் கோரிக்கையும் இருந்தது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தர வேண்டும் என்ற நிபந்தனையைத் தளர்த்த மறுத்தது. ஏப்ரல் 25 அன்று விற்பனை முடிந்தபோது, உலகெங்கும் தொழில் கைமாற, ஸ்ரீபெரும்புதூர் ஆலை வெளியே விடப்பட்டது. சில மாதங்கள் மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த அடிப்படையில் கைபேசி செய்து கொடுத்த அந்த ஆலையில், ஒப்பந்தம் முடிந்து, 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. சுற்றுக் கிராமங்களிலிருந்தும் தொலை மாவட்டங்களிலிருந்தும் வந்து வேலை பார்த்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அவர்களில் பெரும் பகுதியினர் பெண்கள், விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு கலைந்தார்கள். வரி கேட்டது சரியா தவறா என்பது வேறு விவாதம். வாங்குபவர் தமக்குத் தேவையற்றதை விட்டுவிட்டுப் போகும் உரிமையைத் தரும் வடிவத்தில், விட்டுவிடப்படும் இடத்தில் மனிதர்கள் நிற்கக்கூடும் என்பதை எந்த ஆலோசகரும் மறக்கலாகாது.

தொழிலாளர்களைச் சட்டம் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் வகுத்து, அதன் இடத்துக்கு வந்த 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் தொடரும் நெறி இது: தொழில் கைமாறும்போது ஓராண்டாவது தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளிக்கு, ஆட்குறைப்புக்கு உரியதைப் போன்றே முன்னறிவிப்பும், பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் என்ற கணக்கில் இழப்பீடும் தர வேண்டும். பணித்தொடர்ச்சி அறுபடாமை, பணி நிபந்தனைகள் முன்பைவிடத் தாழாமை, பின்னாளில் ஆட்குறைப்பு நேர்ந்தால் பழைய சர்வீஸையும் சேர்த்து இழப்பீடு தரப் புதிய முதலாளி கடமைப்படுதல் ஆகிய மூன்றும் நிறைவேறினால் மட்டுமே இந்தக் கடமையிலிருந்து விலக்கு உண்டு. தம் சம்மதம் இல்லாமல் வேறு நிர்வாகத்தின் கீழ் வேலை செய்யும்படி தொழிலாளியைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதையும், கல்கத்தாவில் பிலிப்ஸின் ஆலை கைமாறியது தொடர்பான வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. நடைமுறையில், இருபது ஆண்டு உழைத்த ஒருவரிடம் ராஜினாமாக் கடிதமும் புதிய நியமனக் கடிதமும் ஒரே மேசையில் நீட்டப்பட்டு, பணிக்கொடைக்கான சர்வீஸ் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் கொடுமை சிறு ஆலைகளில் நடக்காமல் இல்லை. பழைய சர்வீஸ் தொடரும் என்ற ஒரு வாக்கியம் அந்த நியமனக் கடிதத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது, தொழிலாளியைவிட முன்பாக, விற்கும் முதலாளியின் கடமை.

எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் எஞ்சும் ஆபத்தை ஒப்பந்தத்தால் பங்கிட்டுக்கொள்ளலாம். கணக்குகள் உண்மையானவை, வெளியே சொல்லாத வழக்கு எதுவும் இல்லை என்பன போன்ற உறுதிமொழிகளை விற்பவர் எழுதித் தருகிறார். அவை பொய்த்தால் ஏற்படும் நட்டத்தை ஈடுசெய்வதாகவும் கையெழுத்திடுகிறார். அந்தப் பொறுப்பு எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு தொகை வரை என்பதே உண்மையான சண்டை நடக்கும் இடம். விலையில் ஒரு பகுதியை எஸ்க்ரோ எனப்படும் பொதுக் கணக்கில் குறித்த காலம் நிறுத்திவைப்பது, பின்னால் நடுவர் மன்றப் படியேறுவதைவிட எவ்வளவோ மேல். சூடு கண்ட தாயிச்சி, 2014இல் ரான்பாக்ஸியை சன் ஃபார்மாவிடம் ஒப்படைக்க முடிவு செய்தபோது, தோவான்சா ஆலை தொடர்பான அமெரிக்க விசாரணையால் வரக்கூடிய செலவுகளைத் தானே ஏற்பதாக எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது.

விற்றவர் மறுவாரமே எதிரே கடை போடாமல் தடுக்கும் பிரிவும் இதே ஒப்பந்தத்தில் வரும். தொழில் செய்யும் உரிமையைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கைகள் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாதவை என்றாலும், நற்பெயரை விற்றவர் குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலைச் செய்வதில்லை என்று ஒப்புக்கொள்வது அதற்கு விதிவிலக்கு. எல்லை நியாயமானதாக இருக்க வேண்டும். இதற்கென்று தனியாகக் கொடுக்கும் தொகை 2003 ஏப்ரல் முதல் தொழில் வருமானமாக வரிக்கு உள்ளாவதால், விலையின் ஒரு துண்டை அந்தப் பெயரில் வாங்கி வரியைத் தவிர்க்கும் பழைய உத்தி இன்று பலிக்காது.

இவ்வளவும் நிறுவனமாகப் பதிவான தொழில்களைப் பற்றியது. ஆனால் தமிழ்நாட்டின் அச்சகங்கள், மாவு மில்கள், பட்டறைகள், ஜவுளிக் கடைகளில் பெரும்பாலானவை ஒருவரின் தனி உரிமையிலோ கூட்டாண்மையிலோ நடப்பவை. தனி உரிமையாளரிடம் விற்பதற்குப் பங்கே இல்லை. மொத்தக் கிரயமும் தனித்தனி விற்பனையும் மட்டுமே அவருக்குத் திறந்திருக்கும் வழிகள். தொழிலை முதலில் பிரைவேட் லிமிடெட் ஆக்கிவிட்டுப் பங்குகளை விற்கலாமே என்ற யோசனை உடனே எழும். அப்படி மாற்றும்போது வரும் ஆதாயத்துக்குச் சட்டம் வரி விலக்கு தருவது உண்மைதான். தொழிலின் எல்லாச் சொத்துகளும் கடன்களும் நிறுவனத்துக்குப் போக வேண்டும், பழைய உரிமையாளர் பங்குகளைத் தவிர வேறு எந்தப் பயனும் பெறக் கூடாது, குறைந்தது 50 சதவீத வாக்குரிமையை அவர் ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பன அதன் நிபந்தனைகள். கூட்டாண்மையை நிறுவனமாக்குவதற்கும் ஏறத்தாழ இதே விதிகள், கூட்டாளிகள் அனைவரின் பங்கையும் சேர்த்து. ஆகவே அறுபது வயதில் விற்று ஓய்வு பெற நினைப்பவர் ஐம்பத்தைந்துக்கு முன்பே தம் ஆடிட்டரிடம் பேச வேண்டியிருக்கிறது. அவசரத்தில் மூன்றாம் ஆண்டே பங்குகளை விற்றுவிட்டால், முன்பு தந்த விலக்கு திரும்பப் பெறப்படும்; அந்த வரி விதிக்கப்படுவது பழைய உரிமையாளர் மீதன்று, நிறுவனத்தின் மீது. அதற்குள் அந்த நிறுவனம் வேறொருவருக்குச் சொந்தமாகியிருக்கும் என்பதால், இப்படி அண்மையில் மாற்றப்பட்ட நிறுவனத்தின் பங்குகளை வாங்குபவர், மாற்றம் நடந்த தேதியையும் அன்றைய பங்குப் பட்டியலையும் கேட்டுப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.